உட்பகையும் உடற்காவலரும்

நாட்டிற்கு நேரும் பகை இருவகைப்படும். எல்லைக்கு அப்பாலிருந்து படையெடுத்து வருவது ஒன்று. எல்லைக்குள்ளேயே தோன்றி, உறவுபோல் உடனிருந்து கேடு சூழ்வது மற்றொன்று. முன்னதை முரசறைந்து எதிர்க்கலாம். பின்னதோ முகத்தால் நம்முடையது, மொழியால் நம்முடையது, அதனைப் பகை என்று அறிவதே அரிது. ஆதலால்தான் வள்ளுவர், பகைமாட்சி, பகைத்திறந்தெரிதல் என்னும் அதிகாரங்களோடு அமையாமல், உட்பகை என்று தனியே ஓர் அதிகாரமும் வகுத்தார். நாட்டிற்கு அவர் உரைத்த உண்மை உடலுக்கும் பொருந்தும். அம்மையும் காலராவும் போன்ற தொற்றுநோய்கள் புறப்பகை; புற்றுநோய் உட்பகை.

உடலாகிய கோட்டைக்குக் காவல் இல்லாமல் இல்லை. குருதியில் ஓடும் வெள்ளணுக்களே அக்காவலர். ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் உள்ளன. மிகச் சிறு துளி ஒன்றில் இத்துணைக் காவலர் எனின், உடல் முழுவதிலும் எத்துணைப் பெரும்படை இருத்தல் வேண்டும்!

இப்படையின் தொழிலை உலகிற்கு முதலில் உணர்த்தியவர்களுள் ஒருவர் மெச்னிகாவ் என்னும் உருசிய அறிஞர். 1882ஆம் ஆண்டில் அவர் சிசிலித் தீவின் மெசினா நகரில் தங்கியிருந்தார். விண்மீன் வடிவான கடலுயிர் ஒன்றின் இளம்பருவ உடல் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். அதனுள் அவர் ஒரு ரோசா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாட் காலையில் நோக்கியபோது, ஊர்ந்து திரியும் உயிரணுக்கள் அம்முள்ளைச் சூழ்ந்து முற்றுகையிட்டிருந்தன. அயற்பொருளைக் கண்டால் சூழ்வதும், இயலுமாயின் விழுங்குவதும் அவற்றின் இயல்பு என்று அவர் தெளிந்தார்.

விழுங்கும் அணுக்களே அன்றி, டி உயிரணுக்கள் என்னும் வேறொரு வகைக் காவலரும் உளர். இவை எலும்பின் உள்ளீட்டில் தோன்றி, மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமசு என்னும் சுரப்பியில் பயிற்சி பெறுகின்றன. அச்சுரப்பி எதற்கு உதவுகிறது என்பது நெடுங்காலம் விளங்காமல் இருந்தது. 1961இல் சாக் மில்லர் என்னும் அறிஞர், அதனைப் பிறந்தவுடன் நீக்கிய எலிக்குட்டிகள் நோயை எதிர்க்கும் வலியற்றுப் போவதைக் காட்டி அதன் சிறப்பை நிலைநாட்டினார். அப்பயிற்சிக் களத்தில் ஒரு கடுந்தேர்வு நடைபெறுகிறது. தம்முடலையே தாக்கும் இயல்புடைய அணுக்களிற் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. தேறியவை மட்டும் குருதியோடு கலந்து உடலெங்கும் சுற்றுகின்றன. எதிர்ப்படும் ஒவ்வோர் உயிரணுவும் தன்னுள் நிகழ்வதைக் குறிக்கும் சிறு அடையாளங்களைத் தன் மேற்புறத்தில் ஏந்தி நிற்கும். அவ்வடையாளம் முறையானதாயின் காவலர் கடந்து செல்வர். மாறானதாயின், அவ்வணுவின் சுவரைத் துளைத்து உள்ளே நஞ்சினைச் செலுத்தி அதனை மடியச் செய்வர்.

இத்தகைய காவல் இருந்தும் புற்றுநோய் தோன்றுவது எங்ஙனம்? உடலின் உயிரணு ஒன்று பலவாய்ப் பெருகும்போது, அதன் மரபுச் செய்தியில் எழுத்துப் பிழைபோன்ற பிழைகள் நேர்வதுண்டு. அத்தகைய பிழைகள் சில ஓரணுவிலே சேர்ந்துவிட்டால், அது நில் என்னும் ஆணைக்கு அடங்காமல் பெருகத் தொடங்கும். அதுவே கட்டியாகிறது. அவ்வணு வெளியிலிருந்து வந்ததன்று, இவ்வுடலிலேயே பிறந்தது. ஆகவே அதன் அடையாளங்களிற் பெரும்பகுதி முறையானவையாகவே தோன்றும். மாறிய சிலவற்றைக் கொண்டே காவலர் அதனைக் கண்டறிதல் வேண்டும். உடலின் காவல் இல்லையாயின் புற்றுநோய் மிகப் பெருகிவிடும் என்று பால் எர்லிக் என்னும் செருமானிய அறிஞர் 1909ஆம் ஆண்டிலேயே கருதினார். பிறர் சிறுநீரகத்தைப் பொருத்திக்கொண்டு, உடல் அதனை ஏற்கும்பொருட்டுக் காவலை அடக்கும் மருந்துகளை நெடுநாள் உண்போருக்குப் புற்றுநோய்களிற் சில மிகுதியாக வருவது அவர் கருத்திற்கு அரண் செய்கிறது.

எனினும், காவலரை ஏய்க்கும் கலையையும் புற்றுநோய் கற்றுவிடுகிறது. சில கட்டிகள் தம் மாறிய அடையாளங்களை மறைத்துக்கொள்கின்றன. சில, விழுங்கும் அணுக்களையே தம் வயப்படுத்துகின்றன. தம்மை அழிக்க வந்த அவ்வணுக்களைக் கொண்டே புதிய குருதிக் குழாய்களை வளரச் செய்து, உணவும் உயிர்வளியும் வருவித்துக்கொள்கின்றன. காவலன் கள்வனுக்குப் படியளப்பது போன்ற நிலை இது. இன்னும் சில, தாக்க வரும் டி உயிரணுக்களை, தாக்காதே என்று குறி காட்டி நிறுத்திவிடுகின்றன. கட்டியின் உள்ளேயே காவலர் நிற்பர். ஆயினும் கைகட்டி நிற்பர்.

இவ்வுண்மைகள் விளங்குதற்கு நெடுங்காலம் முன்னரே, இக்காவலரை எழுப்ப முயன்றார் ஒரு மருத்துவர். அவர் பெயர் வில்லியம் கோலி. 1890ஆம் ஆண்டில் அவர் நியூயார்க் நகரில் தொழில் தொடங்கிய இளைஞர்; வயது 28. அவரிடம் பெசி டாசில் என்னும் இளம்பெண் கை வீக்கத்திற்கு மருந்து நாடி வந்தாள். இரயில் பயணத்தில் நேர்ந்த சிறு காயம் என்றே அதனை அவள் எண்ணியிருந்தாள். ஆராய்ந்தபோது அது எலும்பைப் பற்றிய புற்றுநோய் எனத் தெரிந்தது. அந்நாளில் அறிந்திருந்த ஒரே வழியைக் கோலி மேற்கொண்டார்; முழங்கைக்குக் கீழே கையை வெட்டி எடுத்தார். பயன் இல்லை. சில வாரங்களில் நோய் உடலெங்கும் பரந்தது. 1891 சனவரித் திங்களில், இருபது வயதையும் எட்டாத அப்பெண் இறந்துபட்டாள். அருகிருந்து கண்ட கோலியின் உள்ளம் ஆறவில்லை.

துயருற்றவர் பலர் அழுது அமைவர். சிலர் தேடத் தொடங்குவர். கோலி தேடத் தொடங்கினார். நியூயார்க் மருத்துவமனையின் பழைய ஏடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஓரேட்டில் வியப்பான செய்தி ஒன்று கிடைத்தது. ஏழாண்டுகளுக்கு முன்னர், பிரெட் சுடைன் என்னும் ஏழைத் தொழிலாளி கழுத்தில் பெருங்கட்டியோடு அங்கே கிடந்தான். பன்முறை அறுத்தும் அது மீண்டும் வளர்ந்தது. மருத்துவர் கைவிட்ட நிலையில், அவனுக்கு எரிசிபெலசு என்னும் தொற்றுநோயும் பற்றியது. தோல் செந்நிறமாய்த் தடித்துக் கடுங்காய்ச்சலோடு வரும் கொடுநோய் அது. இரு நோயும் சேர்ந்து அவன் உயிரைக் குடிக்கும் என்றே எவரும் எண்ணியிருப்பர். நடந்ததோ வேறு. காய்ச்சல் ஏற ஏறக் கட்டி கரைந்தது. காய்ச்சல் தணிந்தபோது கட்டியே இல்லை. அவன் வீடு திரும்பினான் என்பதோடு ஏடு முடிந்திருந்தது.

ஏட்டுச் செய்தியோடு கோலி மனம் நிறையவில்லை. அம்மனிதன் இன்னும் உயிரோடு இருக்கின்றானா? அந்நகரின் கீழ்ப்புறத்தில், வெளிநாடுகளிலிருந்து குடியேறிய ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த குடியிருப்புகளில் அவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். இறுதியில் அவனைக் கண்டுபிடித்தார். கழுத்தில் பழைய வடு இருந்தது. நோயின் சுவடே இல்லை.

நோய் ஒன்று மற்றொரு நோயை வென்றது தற்செயலாக நிகழ்ந்ததாயின், அதனை வேண்டுமென்றே நிகழச் செய்யலாகாதா? இவ்வெண்ணம் துணிவும் அச்சமும் ஒருங்கே நிறைந்தது. 1891 மே மாதத்தில், தொண்டையில் கட்டி வளர்ந்து உண்ணவும் பேசவும் இயலாமல் இருந்த இத்தாலியர் ஒருவருக்கு, அந்நோய்க் கிருமிகளைக் கோலி ஊசி வழியாகச் செலுத்தினார். முதலில் நோய் நன்கு பற்றவில்லை. சில திங்கள் கழித்து, வீரியம் மிக்க கிருமிகளை வருவித்துச் செலுத்தியபோது கடுங்காய்ச்சல் கண்டது. நோயாளர் சாவின் வாயில்வரை சென்றார். ஆயினும் கட்டி உருகத் தொடங்கியது. அவர் பிழைத்து மேலும் எட்டாண்டு வாழ்ந்தார்.

வெற்றியால் கோலி கண்மூடிப் போகவில்லை. உயிருள்ள கிருமிகளால் நோயாளர் இருவர் மாண்டபோது, அம்முறையை விட்டு, கொல்லப்பட்ட கிருமிகளைக் கொண்டே மருந்து செய்யத் தலைப்பட்டார். 1893இல் வயிற்றில் பெருங்கட்டியோடு வந்த 16 வயதுச் சிறுவன் ஒருவன் அம்மருந்தால் நலமுற்று, மேலும் 26 ஆண்டு வாழ்ந்தான்.

எனினும் கோலியின் முறை உலகில் நிலைபெறவில்லை. ஒருவருக்குப் பயன்பட்டது மற்றவருக்குப் பயன்படவில்லை. மருந்து செய்யும் முறையும் இடத்திற்கு இடம் மாறியது. கட்டியைக் கரைத்தது எது என்று கேட்டோருக்குத் தெளிவான விடை கூற அவரால் இயலவில்லை. காய்ச்சல் எழுப்பிய வெள்ளணுக்களின் தொழில் அக்காலத்தில் விளங்காமல் இருந்தது. அதே வேளையில் எக்சு கதிரும் ரேடியமும் புதிய கருவிகளாய் வந்தன. அவற்றின் பயன் கண்கூடாகத் தெரிந்தது. மருத்துவ உலகம் அவ்வழியே திரும்பியது. 1936இல் கோலி மறைந்தார். அவர் கொள்கையும் அவரோடு மறைந்தது என்றே பலரும் எண்ணினர்.

மறைய விடாதவர் ஒருவர் இருந்தார். அவர் கோலியின் மகள் எலன் கோலி நாட்சு. அவர் மருத்துவம் பயின்றவர் அல்லர். எனினும் தந்தையின் கடிதங்களையும் குறிப்புகளையும் பல்லாண்டு முயன்று திரட்டினார். நோயாளர் ஏறத்தாழ ஆயிரவரின் வரலாறுகளை ஒழுங்கு செய்தார். 1953இல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென ஒரு நிறுவனத்தை நியூயார்க்கில் தோற்றுவித்தார். உடலின் காவலைக் கொண்டு புற்றுநோயை வெல்லலாம் என்னும் எண்ணத்திற்கு அது நீரூற்றி வந்தது. 1976இல் கனடா நாட்டு மருத்துவர் மொராலசு, பி.சி.ஜி. மருந்தைச் சிறுநீர்ப்பையில் செலுத்தி அங்குள்ள மேற்புறக் கட்டிகளை அடக்கிக் காட்டினார். எலும்புருக்கி நோயைத் தடுக்கும்பொருட்டு நம் நாட்டில் பிறந்த குழந்தைகளின் மேற்கையில் இடுகிறார்களே, அதே மருந்துதான். கிருமியைக் காட்டிக் காவலரை எழுப்பும் கோலியின் வழி வீணன்று என்பது தெளிவாயிற்று.

ஆனால் ஒரு வினா எஞ்சியிருந்தது. எழுப்பிய காவலர் பலவிடத்தும் ஏன் பாதி வழியில் நின்றுவிடுகின்றனர்? பிற்கால அறிஞர் பலரும் காவலரை மேன்மேலும் தூண்டுவதிலேயே கருத்துச் செலுத்தினர். வேறு வகையாக எண்ணினார் ஒருவர். அவர் அமெரிக்காவின் டெக்சசு மாநிலத்தில் பிறந்த சேம்சு அல்லிசன். சிறுவனாய் இருந்தபோதே தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். டி உயிரணுவின் மேற்புறத்தில் அதனை முடுக்கும் உறுப்பும் உண்டு, நிறுத்தும் உறுப்பும் உண்டு என்பது அவர் முதலிய அறிஞர் சிலரின் ஆராய்ச்சியால் புலனாயிற்று. நிறுத்தும் உறுப்பிற்கு சி.டி.எல்.ஏ.-4 என்று பெயர். வண்டிக்குப் பிரேக்கு எப்படியோ, டி உயிரணுவிற்கு அது அப்படி. பிரேக்கு அழுந்தியிருக்கும் வண்டியை எத்துணை முடுக்கினால்தான் என்ன? முதலில் தடையை விலக்க வேண்டும் அன்றோ?

1994ஆம் ஆண்டின் இறுதியில், கலிபோர்னியாவின் பெர்க்கிலி நகரில் அல்லிசனின் ஆய்வுக்கூடத்தில் இக்கருத்துச் சோதிக்கப்பட்டது. கட்டியுள்ள எலிகளுக்கு அத்தடையை மூடும் எதிர்ப்பொருளைச் செலுத்தினர். முதற்சோதனையில் கட்டிகள் மறைந்தன. கண்ட காட்சியை உடனே நம்பிவிடுதல் அறிவியலாகாது என்பதால் மீண்டும் செய்தனர். இம்முறை எந்த எலிகள் மருந்து பெற்றவை, எவை பெறாதவை என்பது அளப்பவருக்குத் தெரியாதபடி வைக்கப்பட்டது. கிறித்துமசு விடுமுறையில் பிறர் ஊருக்குச் சென்றிருக்க, அல்லிசன் தாமே கட்டிகளை அளந்து வந்தார். எல்லாக் கட்டிகளும் வளர்ந்தன. அவர் உள்ளம் சோர்ந்தது. எனினும் அளப்பதை நிறுத்தவில்லை. பின்னர், ஒரு பகுதி எலிகளின் கட்டிகள் வளர்ச்சி குன்றின, சுருங்கின, இறுதியில் மறைந்தன. அவையே மருந்து பெற்றவை. நடுவில் அவர் அளவுகோலைக் கீழே வைத்திருந்தால் உலகம் அவ்வுண்மையை அன்று இழந்திருக்கும்.

1996இல் இவ்வாய்வு வெளியாயிற்று. எனினும் மருந்து நிறுவனங்கள் தயங்கின. எலியை நலமாக்கிய மருந்துகள் மனிதரிடம் தோற்றதை அவை பலமுறை கண்டிருந்தன. பின்னர் மனிதரிடம் சோதித்தபோதும் அதே பொறுமை தேவைப்பட்டது. சிலருக்குக் கட்டி முதலில் பெருத்தது போலவே தோன்றியது. உண்மையில் அது நோயின் வளர்ச்சியன்று. காவலர் கூட்டமாய் உள்ளே புகுந்ததன் விளைவு. தோல்வி என்று அவசரப்பட்டு முடிவு செய்திருந்தால், வெற்றியின் தொடக்கத்தையே தோல்வியாகக் கொண்டிருப்பர். மெலனோமா என்னும் தோற்புற்று நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவிய ஓர் இளம்பெண் அம்மருந்தால் நோய் நீங்கியபோது, அல்லிசனைச் சந்தித்துத் தழுவிக்கொண்டார். எலிகளோடும் எண்களோடும் வாழ்ந்த அவ்வறிஞர் கண்ணீர் விட்டார். 2011 மார்ச்சு மாதத்தில் அமெரிக்க அரசு இப்பிலிமுமாப் என்னும் அம்மருந்திற்கு ஒப்புதல் அளித்தது.

ஏறத்தாழ அதே காலத்தில், சப்பானின் கியோட்டோ பல்கலைக் கழகத்தில் தசுக்கு ஓஞ்சோ என்னும் அறிஞர் மற்றொரு தடையைக் கண்டறிந்திருந்தார். 1992இல் அவர் குழுவினர் கண்ட பி.டி.-1 என்னும் அவ்வுறுப்பும் டி உயிரணுவை அடக்குவதே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. உடலின் நல்லணுக்கள் தம்மைக் காத்துக்கொள்ளக் காட்டும் அடக்கும் குறியைப் புற்றணுக்களும் ஏந்திக் காவலரை ஏமாற்றுகின்றன. அதனை மறைக்கும் மருந்துகள் தோற்புற்றிற்கும், நுரையீரற் புற்றிற்கும், வேறு பலவற்றிற்கும் பயன்படுகின்றன. 2018இல் அல்லிசனுக்கும் ஓஞ்சோவுக்கும் மருத்துவத்திற்கான நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

காவலருக்குப் புதிய கண் கொடுக்கும் முறையும் பின்னர் வந்தது. நோயாளரின் டி உயிரணுக்களை வெளியே எடுத்து, புற்றணுவைப் பற்றும் புதிய உறுப்பு ஒன்றை அவற்றில் அமைத்து, பல்கிப் பெருகச் செய்து, மீண்டும் அவர் உடலிலேயே செலுத்துகின்றனர். 2012இல் பிலடெல்பியா நகரில், குருதிப் புற்றால் உயிர் ஊசலாடிய ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இம்முறையால் பிழைத்தாள். மும்பையின் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாடா நினைவு மருத்துவமனையும் கூடி உருவாக்கிய இத்தகைய மருத்துவம் 2023இல் நம் நாட்டு அரசின் ஒப்புதல் பெற்றது.

இவற்றைக் கேட்டுப் புற்றுநோய் முற்றும் ஒழிந்தது என்று எண்ணிவிடலாகாது. இப்பிலிமுமாப் பெற்ற மெலனோமா நோயாளருள் மூன்று ஆண்டுக்குப் பின்னும் வாழ்ந்தவர் ஏறத்தாழ ஐவரில் ஒருவரே. கணையப் புற்று முதலிய சிலவற்றில் தடை நீக்கும் மருந்துகள் பெரும்பாலோருக்குப் பயன் தருவதில்லை. காவலர் உள்ளே நுழையவே இயலாத கட்டிகளும் உண்டு. மற்றோர் இடரும் உண்டு. தடை என்பது இயற்கை வீணாக அமைத்ததன்று. காவலர் எல்லை கடந்து நல்லணுக்களைத் தாக்காதிருக்கவே அது அமைந்தது. அதனை நீக்கினால், சிலருக்குக் காவலரே குடலையும் தோலையும் நுரையீரலையும் தாக்குவர். உயிருக்கே ஊறு நேர்தலும் உண்டு. அடங்கிய காவலும் கேடு. அடங்காத காவலும் கேடு. அளவறிந்து தடையை நீக்குவதே மருத்துவர் திறமை. அறுவை, கதிர், மருந்து ஆகிய பழைய முறைகளும் இன்றும் உயிர் காப்பனவே. காலத்தே கண்டறிந்து சென்றால் அவற்றாலேயே நலமுறுவோர் பலர்.

ஓர் இளம்பெண்ணின் சாவைத் தாங்க மாட்டாத மருத்துவர் பழைய ஏடுகளைப் புரட்டினார். அவர் கண்டதை உலகம் மறந்தபோது மகள் காத்து வைத்தார். எலிகளின் கட்டி வளர்வதைக் கண்டும் ஒருவர் அளப்பதைக் கைவிடவில்லை. இவர்களுள் ஒருவரும் தொடக்கத்தில் முழு உண்மையை அறிந்தவர் அல்லர். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த அளவில் உண்மையாய் உழைத்தவர். உடலின் காவலர் தொடக்கம் முதலே உள்ளே இருந்தனர். அவர் கைக்கட்டை அவிழ்க்க மனிதருக்கு நூறாண்டிற்கு மேல் ஆயிற்று. இன்னும் அவிழாத கட்டுகள் பல உள. அவற்றை அவிழ்க்கப்போகும் கைகள், இன்று ஏதேனும் ஒரு பள்ளியில் எழுதுகோல் பிடித்திருக்கும் கைகளாகவும் இருக்கலாம்.